சம்பந்தி வீட்டுக் குழாயின் சுற்றளவு

சென்ற மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலை. நீராடி, நெற்றியில் திருமண் இட்டு, அது காய்வதற்குள் நந்தவனத்துக்குப் போனேன். மோட்டாரைப் போட்டேன். குழாய் மூட்டில் கசிவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். 'டப்' என்றோர் ஓசை! மூட்டு பிய்த்துக்கொண்டு போய்த் துளசிப் பாத்தியில் விழுந்தது. தண்ணீர் நேரே என் முகத்துக்கு வந்தது.

திருமண் போயிற்று. மூக்குக் கண்ணாடி சேற்றுக்குப் போயிற்று. அவை பெரிதல்ல. வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று என் சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார் – அதுதான் பெரிது.

"சம்பந்தி, அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. மொகங் கழுவத்தான் வந்தேன்" என்றேன்.

எழுபத்திரண்டு வயதில், நாள்தோறும் பாசுரம் சொல்லும் வாயினால், காலை ஆறரை மணிக்கு ஒரு பொய். அந்தப் பொய்க்கும், பிய்த்துக்கொண்டு போன அந்த மூட்டுக்கும் காரணம் ஒன்றே. பொறாமை!

பொறாமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். டெல்லியில் யாரோ ஒருவர் பத்து ஏக்கரில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார் என்று செய்தி வந்தால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. 'நன்றாக இருக்கட்டும்' என்று வாழ்த்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் பனைமட்டை வேலிக்கு அந்தப் புறம், இருபதடி தொலைவில், நம் உறவுக்காரர் ஒருவருடைய நந்தியாவட்டை நம்முடையதைவிட நான்கு பூ கூடுதலாகப் பூத்தால்...? எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு எப்படியோ!

திருப்புல்லாணிக்குத் தெற்கே, கடற்காற்றில் சாளரக் கம்பிகள் துருப்பிடிக்கும் தொலைவில் எங்கள் சிற்றூர் இருக்கிறது. ஊரில் ஒரு சிறிய பெருமாள் கோயில். கோயிலுக்குப் பூக் கொடுக்க இரண்டு நந்தவனங்கள். ஒன்று என் பொறுப்பு. மற்றொன்று அழகர்சாமியின் பொறுப்பு. அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் வேதவல்லியை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். ஆகவே சம்பந்தி. ஆகவே எதையும் வாய்விட்டுச் சொல்ல இயலாது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். சனிக்கிழமைதோறும் இரண்டு நந்தவனத்து மாலைகளும் இரண்டு தாம்பாளங்களில் சந்நிதிக்குப் போகும். நீளமான மாலையைப் பட்டர் பெருமாளுக்குச் சாற்றுவார். மற்றது எதிரே கைகூப்பி நிற்கும் கருடனுக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அழகர்சாமியின் பக்கம் வெறும் கருவேல முள்தான். என் மாலை ஒன்றே மாலை. அவர் ஓய்வு பெற்று வந்தார், முள்ளை வெட்டினார், குழாய் போட்டார். அவ்வளவுதான். ஏழெட்டு மாதமாக என் மாலை கருடனுக்கு!

கருடாழ்வார்மீது எனக்குப் பக்தி குறைவில்லை. பெருமாளைச் சுமக்கும் தோள்களுக்கு மாலை போவதை அவமானம் என்று எந்த வைணவன் வாய் திறப்பான்? யாரிடம் போய் முறையிடுவது? இந்தத் துயரத்துக்கு மனு எழுதவும் வழியில்லை.

அழகர்சாமிக்குப் பாசுரம் வராது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். (பொறாமையினால் குறிப்பிடவில்லை. உண்மையைக் குறிப்பிடுகிறேன்.) கோஷ்டியில் என் பக்கத்தில் நின்று வாயசைப்பார். மூன்றாம் அடி வரும் இடத்தில் முதலடியைப் போடுவார். நானோ எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள் முதலாகப் பாசுரத்தோடு வளர்ந்தவன். ஓரிடத்தில் மூச்சு விட்டால் பொருள் சிதையும் என்று அறிந்து அவ்விடத்தில் மூச்சை அடக்குகிறவன். அவ்வளவும் அறிந்தவனுடைய மாலை கருடனுக்கு. வாயசைக்கிறவருடைய மாலை பெருமாளுக்கு. இது என்ன நியாயம்?

நியாயத்தை நான் குழாயில் தேடினேன். அங்கேதான் தவறு தொடங்கிற்று.

அவருடைய நந்தவனம் செழிப்பதற்குக் குழாய்தான் காரணம் என்பது பார்த்தாலே விளங்கும். தொட்டியிலிருந்து பெரிய குழாய் வரும். பாதி வழியில் ஒரு மூட்டு. அங்கிருந்து சிறிய குழாய். அதன் முனையில் தண்ணீர் பூவாகத் தூவும். எனக்கும் மோட்டார் உண்டு, பெரிய குழாய், சிறிய குழாய் இரண்டும் உண்டு. என் கிணற்றுத் தண்ணீர் அவருடையதைவிட இனிப்பு என்று ஊரே சொல்லும். இல்லாதது அந்த மூட்டு ஒன்றுதான். 'அவரிடம் இருக்கும் அதே மூட்டு எனக்கும் வேண்டும்' என்று முடிவு செய்தேன். அதைவிடச் சிறியதும் கூடாது. வேறொன்றும் கூடாது. அதே மூட்டு!

கேட்டால் சொல்லியிருப்பார். கேட்பேனா?

ஒரு விடியற்காலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கையில் பூக்கட்டும் வாழைநார். அதை அவருடைய பெரிய குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சிறிய குழாயிலும் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இரண்டு நாரையும் மடியில் வைத்துக்கொண்டு இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கே ஒரு குழாய்க் கடைக்காரர் அவசரத்தில் இருந்தார். நாரைத் தட்டில் இருந்த குழாய்களில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அளவு பொருந்தியதும் ஒரு மூட்டை எடுத்துக் கொடுத்தார். வெற்றியோடு வந்தேன்.

வந்து பொருத்தினால்... மூட்டின் வாய்க்குள் என் குழாய் உரலுக்குள் ஊசி போல நின்று ஆடியது.

அப்பொழுதாவது யோசித்திருக்க வேண்டும் அல்லவா? நான் யோசிக்கவில்லை. நாற்பது ஆண்டு மாலை கட்டிய கை இது. பூவைக் கட்டத் தெரிந்தவனுக்குக் குழாயைக் கட்டத் தெரியாதா? என் குழாயின் முனையில் வாழைநாரை வரிவரியாக, நெருக்கமாக, மாலைக்குத் தண்டு சுற்றுவது போலச் சுற்றினேன். அதன்மேல் பசையை ஊற்றினேன். மூட்டுக்குள் திணித்தேன். இறுகப் பிடித்தது. என் கைவேலையை நானே சற்று நேரம் நின்று வியந்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து கசிவு. பாதித் தண்ணீர் மூட்டிலேயே போயிற்று. அதை ஈடுகட்ட மோட்டாரை இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டேன். கடற்கரை ஊர்க் கிணறுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். மேல்தண்ணீர்தான் இனிப்பு. அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு ஏறி வந்துவிடும். வந்தது. துளசி இலைகளின் ஓரம் கருகிற்று. மல்லிகை மொட்டு கட்டுவதை நிறுத்திற்று.

அந்தக் கோயில் வழக்கத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. மாலை எந்தத் திருமேனிக்குப் போனாலும், பட்டர் முதலில் பெருமாள்மீது பிடித்துப் பார்ப்பார். அது முழங்காலைத் தொட வேண்டும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் தொடாமல் போனால் அந்த நந்தவனத்தின் கைங்கரியம் மற்ற நந்தவனத்துக்குப் போய்விடும். யாரும் சண்டையிட மாட்டார்கள். நான்காம் வாரம் தாம்பாளம் ஒன்றுதான் இருக்கும்.

இரண்டு சனிக்கிழமைகள் என் மாலை தொடையோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த திங்கட்கிழமைதான் மூட்டு பிய்த்துக்கொண்டு போனது. எஞ்சியிருந்தது ஐந்து நாள். என் தாம்பாளமும் போய், இரண்டு நந்தவனமும் அழகர்சாமியின் கைக்கே போய்விடும் என்று நினைத்தபோது எனக்கு வந்தது துக்கம் என்றுதான் எழுத விரும்புகிறேன். ஆனால் அது துக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெரியபட்டினத்துக்குப் போனேன். அங்கே நூர்ஜகான் என்பவர் குழாய்க் கடை நடத்துகிறார். அவருடைய கணவர் குவைத்தில் குழாய் வேலை. வீடியோ அழைப்பில் கணவர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டு, இன்று கணவருக்கே திருத்தம் சொல்லும் அளவுக்கு வந்திருப்பவர். கயிறு வாங்க வந்த மீனவர் ஒருவரும் கடையில் நின்றிருந்தார். பிய்ந்துபோன மூட்டைப் பலகையின்மேல் வைத்தேன்.

நூர்ஜகான் அதைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த நாரைப் பூச்சியைப் பிடுங்குவது போல இழுத்து வெளியே எடுத்தார்.

"அய்யா, இது என்னது? கொழாய்க்குள்ள பூ கட்டியிருக்கு?"

"கொஞ்சம் லூசா இருந்துச்சு தாயி..."

"இது பெருசுலருந்து சிறுசுக்கு எறக்குற ரெடியூசர், அறுபத்து மூணுக்கு நாப்பது. ஒங்க கொழாய் என்ன அளவு?"

"அதே அளவுதான்."

"கொழாய் மேலயே எழுதியிருக்குமே, பாத்தீகளா?"

"பாக்கல. அளந்தேன்."

"எத வச்சு அளந்தீக?"

"வாழைநார வச்சு."

அவர் தலையாட்டினார். "செரி, அதுல தப்பில்ல. சுத்தளவு தெரிஞ்சா குறுக்களவு வந்துரும். எந்தக் கொழாயில சுத்துனீக?"

வாசகர்களே, அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் எனக்கே அது விளங்கிற்று. நம்ப மாட்டீர்கள். அதுவரை... மெய்யாகவே விளங்கவில்லை.

"சம்பந்தி கொழாயில" என்றேன்.

"யாரு கொழாயில?"

"வேலிக்கு அங்கிட்டு... சம்பந்தி வீட்டுக் கொழாயில."

கயிறு வாங்க வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "தனக்குச் சட்ட தைக்க அடுத்த வீட்டுக்காரருக்கு அளவெடுத்த மாதிரியில்ல இருக்கு! நாராச்சும் ஒங்க நாரா பெரியவரே?"

"நீங்க சும்மா இருங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி அவரை அடக்கிய நூர்ஜகான், முக்காட்டின் நுனியால் தம் வாயையும் அடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அவுக கொழாய் அளவு ஒங்களுக்கு எதுக்கு அய்யா? தண்ணி ஒங்க கொழாயிலல்ல வரணும்?"

ஐம்பது ஆண்டு உபன்யாசம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் உட்கார வைத்ததில்லை.

"வீட்டுக்குப் போயி ரெண்டு கொழாயிலயும் ஒரு சாண் துண்டு அறுத்துக் கொண்டாங்க. துண்டப் பாக்காம நான் ரெடியூசர் குடுக்க மாட்டேன். வாய்ச்சொல்ல நம்பிக் குடுத்தா பத்துல எட்டு திரும்பி வருது."

அன்று மாலையே இரண்டு துண்டுகளோடு மறுபடியும் பேருந்து. பெரிய துண்டில் ஐம்பது என்று அச்சிட்டிருந்தது; சிறியதில் முப்பத்திரண்டு. இத்தனை ஆண்டு என் தோட்டத்திலேயே கிடந்த எழுத்து. நான் படித்ததில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வேலை என்றேனும் வரலாம். ஆகையால் அந்த அம்மையார் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். தோட்டத்துக் குழாயை எம்.எம். கணக்கில்தான் கேட்க வேண்டும். அது குழாயின் வெளிக் குறுக்களவு. இஞ்ச் என்று கேட்டால் வம்பு. வீட்டுக் குழாய்க்காரரும் ஒரு இஞ்ச் என்பார், தோட்டக் குழாய்க்காரரும் ஒரு இஞ்ச் என்பார், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. மூட்டை வாங்கும்போது பசையில்லாமல் குழாயைச் செருகிப் பார்க்க வேண்டும். முதலில் தடையில்லாமல் போய், பாதிக்கு மேல் இறுக வேண்டும். அடிவரை சரசரவென்று போனால் தளர்ச்சி. தொடக்கத்திலேயே முரண்டினால் அளவு வேறு. பெரிதிலிருந்து சிறிதுக்கு நேரே இறங்கும் ஒரே மூட்டு இருந்தால் அதையே வாங்க வேண்டும். ஐம்பதுக்குள் நாற்பது, நாற்பதுக்குள் முப்பத்திரண்டு என்று புஷ் வளையத்துக்குள் புஷ் வளையமாக அடுக்கினால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு கசிவுக்கு இடம்.

"பசை போட்டுச் செருகி, கால் சுத்துத் திருப்பி, அரை நிமிசம் அமுக்கிப் பிடிங்க. பிடிச்ச பெறகு விடிய விடியத் தண்ணி விடக் கூடாது" என்றார். "ஒங்களுக்கு அவசரம் இருக்கும். பசைக்கு அவசரம் தெரியாது அய்யா."

புதன்கிழமை நண்பகலில் பொருத்தினேன். சொன்னபடியே செருகி, திருப்பி, அமுக்கி. நாரில்லை, ஆட்டமில்லை. இரண்டு அளவுக் குழாய்கள் ஒன்றே போல நின்றன. மனம் நிறைந்தது. வியாழன் காலையில் தண்ணீர் விடலாம். இரண்டு நாள் நனைந்தால் போதும். நந்தியாவட்டை வஞ்சகமில்லாத செடி, மாலை முழங்காலைத் தொட்டுவிடும்.

மாலை ஐந்து மணி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் 'சர்ர்' என்று ஓர் ஓசை. அழகர்சாமி தண்ணீரைத் திறந்துவிட்டார். மேற்கு வெயிலில் அந்தத் தூவல் ஒரு சிறிய வானவில்லைக் கட்டி நிறுத்திற்று. அவருடைய துளசி தலையை ஆட்டி ஆட்டிக் குளித்தது. என் துளசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். பெருமாள் அறிவார்... முழுதாக ஐந்து நிமிடம்!

பிறகு மோட்டாரைப் போட்டேன்.

மூட்டு இம்முறை சத்தமே போடவில்லை. வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாதி காய்ந்த பசை குழாயைச் சுற்றிச் சளி போல உறைந்திருந்தது. அந்த மூட்டு இனி உதவாது. குழாய் முனையையும் அறுத்தாக வேண்டும், அறுத்தால் எட்டாது.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். வேதவல்லி வேலியோரம் வந்தாள். மாமியார் வீட்டுத் துணியை எடுக்க வந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அய்யா, எங்க மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீக?"

"நீ ஒன் சோலியப் பாரு."

"சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு. தாம்பாளம் போனா ஒங்களுக்கு மூணு நாளு சாப்பாடு எறங்காது. அப்பறம் நான்தான் இங்கிட்டும் அங்கிட்டும் நடக்கணும்."

'எங்க மாமா'வாம்! கட்டிக்கொடுத்து ஒன்பது ஆண்டாகிறது. அந்த 'எங்க' என்னும் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு குத்தல். அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அவள் சொன்னது மெய். மூன்றாவது சனிக்கிழமை. அதற்குமேல் எனக்குத் தாம்பாளம் இல்லை. காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்னும் நிலை இல்லை. பெருமாளுக்கு எதிரே வெறுங்கையோடு நின்று பாசுரம் மட்டும் சொல்வதா? அது எனக்கு ஒவ்வாது. சொல் எவரும் சொல்லலாம். பூ ஒருவன் வளர்த்தால்தான் வரும்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனேன். படலைத் திறக்கக் கை வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றேன்.

"வாங்க சம்பந்தி! என்ன, வேலிக்கு அங்கிட்டே நிக்கிறீக? உள்ள வாங்க" என்றார் அழகர்சாமி. கையில் மண்வெட்டி.

"ஒரு சின்ன விசயம்..."

"சொல்லுங்க."

"மூட்டு... சரியா அமையல. செடியெல்லாம் வாடுது. இந்தச் சனிக்கெழம மாலை..."

எத்தனையோ பாசுரங்கள் மனப்பாடம். 'தண்ணீர் தாருங்கள்' என்னும் இரண்டு சொல் வரவில்லை.

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "இத இப்பத்தான் சொல்றீகளா? நாலு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நானா வந்தா ஒங்க கைங்கரியத்துல மூக்க நொழைக்கிறதா நெனச்சுருவீகளோன்னு சும்மா இருந்தேன்" என்றபடியே சுருட்டி வைத்திருந்த பச்சை ஓஸ் குழாயை அவிழ்த்தார். ஒரு முனையைத் தம் குழாயில் மாட்டினார். மறு முனையை வேலிக்கு மேல் என் பக்கம் எறிந்தார்.

"மொத ஒரு மணி நேரம் ஒங்களுக்கு. பெறகு நான் பாச்சிக்கிறேன்."

"தொட்டித் தண்ணி ரெண்டுக்கும் காணுமா?"

"காணாட்டி என் செடி ஒரு நாளு கொறைய குடிக்கட்டும். சாகவா போகுது?"

தண்ணீர் வந்தது. என் துளசிமீது அவருடைய தண்ணீர். ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழகர்சாமி வேலியைத் தாண்டி வந்து என் குழாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். பசை உறைந்த முனையை அறுத்தார். ஒரு முழம் ஒட்டுத் துண்டும் புதிதாக ஒரு மூட்டும் தம் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். ஐம்பதுக்கு முப்பத்திரண்டு!

"இது எப்படி ஒங்ககிட்ட...?" என்றேன்.

"நேத்து வேதா சொன்னுச்சு. நேரா பெரியபட்டினம் போயி நூர்ஜகான் கடையில வாங்கியாந்துட்டேன். அளவு அந்தம்மாவுக்கே ஞாபகம் இருந்துச்சு." பசையைத் தடவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சம்பந்தி. அன்னைக்கு விடியக்காலம் நீங்க வந்து என் கொழாயில நார் சுத்துனீகளே..."

அவசரமாக ஓஸை வேறு பாத்திக்குத் திருப்பினேன். "பாத்தீகளா?"

"குளிக்கப் போனவன் தொவட்டத் துண்டு எடுக்கத் திரும்பி வந்தேன், பாத்தேன். ஏதோ வேண்டுதலுக்குக் காப்புக் கட்டுறாக, மனசுக்குள்ள பாசுரம் சொல்றாகன்னு நெனச்சேன். கலைக்கக் கூடாதுன்னு கும்புட்டுட்டு அப்பிடியே போயிட்டேன். அதுக்குப் பெறகுதான் மல்லிகை இன்னும் நல்லாப் பூத்துச்சு."

நகையாடுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. குழாயை அமுக்கிப் பிடித்து வாய்க்குள் முப்பது எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் என் பொறாமை கரைந்துபோயிற்று என்று எழுதினால் பத்தி அழகாக முடிந்துவிடும். நீங்களும் கண் கலங்குவீர்கள். ஆனால் உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கரையவில்லை. கூடிற்று! பூவில் என்னை முந்தினார், பொறுத்தேன். தண்ணீரில் முந்தினார், பொறுத்தேன். ஒரு மனிதர் தம் குழாயைத் திருட்டுத்தனமாக அளந்தவனைப் பார்த்துக் கைகூப்பியிருக்கிறார்... இந்த மனம் நான் வாயினால் சொல்லிச் சொல்லி வேண்டிய மனம். மூச்சுவிடும் இடம் தெரியாமல் வாயசைக்கிறவருக்கு, கேட்காமலே அது எப்படிக் கிடைத்தது? இதைப் பொறுப்பது எப்படி?

வெள்ளிக்கிழமையும் அவருடைய தண்ணீர். சனிக்கிழமை காலையில் என் மூட்டு வழியே என் தண்ணீர். ஒரு சொட்டுக் கசியவில்லை.

மாலை கட்டி எடுத்துப் போனேன். நந்தியாவட்டை கைகொடுத்தது, மல்லிகை பாதி, மீதிக்குத் துளசி. பட்டர் என் மாலையை எடுத்துப் பெருமாளின் தோளில் பிடித்தார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழ்நுனியைப் பார்த்தேன். பக்கத்தில் அழகர்சாமியும் குனிந்து பார்த்தார். எனக்கு முன்பே அவர் சொன்னார்: "தொடுது சாமி, தொடுது!"

பட்டர் விரலால் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முழங்காலில் ஒரு துளசி இலையின் அகலம் படிந்திருந்தது. என் தாம்பாளம் தப்பிற்று. வேதவல்லி அந்தப் பக்கத்துப் பெண்கள் வரிசையிலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

பிறகு வழக்கப்படி இரண்டு மாலைகளையும் சேர்த்துப் பிடித்தார்கள். ஒரு நாள் தாகம் பொறுத்த அவருடைய நந்தவனத்து மாலை, என்னுடையதைவிட ஒரு முழம் நீளம். அது பெருமாளுக்கு. என்னுடையது கருடனுக்கு.

சாற்றுமுறையின்போது கற்பூர ஒளி எழுந்தது. அழகர்சாமி பக்கத்தில் நின்று, மூன்றாம் அடியில் முதலடியைப் பாடிக்கொண்டிருந்தார். 'பெருமாளே, இந்தப் பொறாமையை என்னிடமிருந்து எடுத்துவிடு' என்று வேண்டிக்கொள்ளத்தான் நான் கண்ணை மூடினேன்.

'அடுத்த சனிக்கிழமை ஒன்றேகால் முழம் கூட்டிக் கொடு' என்று வாய் வேண்டிவிட்டது.